லம்போர்கினிக்கும் 192 பவுண்தான்

லண்டனில் ஒரு லம்போர்கினியைப் பொலிஸார் லொறியில் ஏற்றிப் போகும் படம் வெளிவந்தால், பின்னேரத்துக்குள் அது என் கைப்பேசிக்கு நாலைந்து பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிடும். “பாத்தீங்களோ அண்ணை, இவ்வளவு காசிருந்தும் இன்சூரன்ஸ் போடேல்லை!” என்று ஒரு வரி, பிறகு சிரிக்கும் முகங்கள். நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு காப்புறுதித் தரகர் கடையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். அதனால் காப்புறுதி இல்லாத கார் எங்கே பிடிபட்டாலும் அது எனக்கு வேண்டிய செய்தி என்று நம்மவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பணக்காரன் வீதியோரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் காப்புறுதி இல்லாமல் பிடிபடுகிறவர்களில் ஆகக் குறைவாக நட்டப்படுகிறவர் அந்த லம்போர்கினிக்காரர்தான். பழைய ஃபோர்ட் ஃபியெஸ்டா ஓடுகிறவருக்கும் அவருக்கும் சட்டம் நீட்டுவது ஒரே பில்.

இந்தப் படங்களில் பல நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் எடுத்தவை. வளைகுடாவில் வெயில் ஏறும் மாதங்களில் அங்குள்ள செல்வந்தக் குடும்பங்கள் லண்டனுக்கு வரும். சிலருடைய கார்களும் சரக்கு விமானத்தில் கூடவே வரும். ஹரொட்ஸ் கடையைச் சுற்றியும் ஸ்லோன் வீதியிலும் அரபு எழுத்து இலக்கத்தகடுகளோடு ஃபெராரியும் மெக்லாரனும் புகாட்டியும் ஊர்ந்து திரியும். ஊர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நெரிசலில் நடந்து போகிறவன் முந்திவிடுவான். நடைபாதையில் கமெராவோடு பள்ளிக்கூடப் பையன்கள் காத்து நிற்பார்கள். 2010இல் ஹரொட்ஸ் வாசலில் வான்நீல நிறத்தில் நின்ற ஒரு கோனிக்செக்குக்கும் ஒரு லம்போர்கினிக்கும் சக்கரப்பூட்டுப் போட்ட படம் உலகமெல்லாம் போனது. அது நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய குற்றம். 2013இல் அதே பகுதியில் ஊதா நிற லம்போர்கினி அவென்டடோர் ஒன்றைப் பொலிஸார் ஏற்றிப் போனது காப்புறுதிக்காக. 2015 கடைசியில் கென்சிங்டன் – செல்சி நகரசபை, இந்தக் கார்கள் உறுமுவதையும் ஓட்டப்பந்தயம் விடுவதையும் தடுக்கத் தனி ஆணையே போட்டது. சத்தத்துக்கு முதலில் அபராதம்தான். காப்புறுதி இல்லையென்றால் காரே போய்விடும்.

காசு கொழுத்தவரிடம் காப்புறுதி இல்லாமல் போவது எப்படி? கஞ்சத்தனம் என்று சொல்பவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. வெளிநாட்டில் பதிந்த காரை ஒரு வருகையாளர் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் வரை பிரித்தானியப் பதிவு இல்லாமலே ஓடலாம். பதிவுக்குத்தான் அந்தச் சலுகை. காப்புறுதிக்கு ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. தோகாவிலோ ரியாத்திலோ எடுத்த பொலிசியை நம்பி இங்கே வீதியில் இறங்க முடியாது. பிரித்தானியாவுக்குச் செல்லும் காப்புறுதி வேண்டும். அதை எடுக்க வேண்டியவர் யார்? செயலாளர் பார்த்திருப்பார் என்று சொந்தக்காரர் இருப்பார். காரை அனுப்பிய முகவர் பார்த்திருப்பார் என்று செயலாளர் இருப்பார். முகவருடைய வேலை காரை விமானத்திலிருந்து இறக்குவதோடு முடிந்தது.

இரண்டாவது, காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் எல்லாருக்கும் பொலிசி கிடைப்பதில்லை. இங்கே கார்களைப் பல வருடங்களாக 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்து வந்திருக்கிறார்கள். சின்ன இயந்திரக் கார்கள் முதற் குழுக்களில், லம்போர்கினி போன்றவை ஐம்பதில். 21 வயது, வெளிநாட்டு உரிமம், வாடகை ஃபிளாட்டில் வசிக்கும் மாணவன், குழு 50 கார் என்று என் கணினியில் அடித்தால் எந்தக் கொம்பனியும் விலையே சொல்லாது. இப்படியான கார்களை மட்டும் பார்க்கிற தரகர்கள் மத்திய லண்டனில் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள், நிபந்தனைகளோடு: காரில் இருப்பிடம் காட்டும் கருவி, பூட்டிய கராஜ், வருடத்துக்கு இத்தனை மைல், எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் எழுதிய ஆளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையில்தான் விழுவார்கள். அண்ணனுடைய பெயருக்குப் பொலிசி இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி ஓடுவான். பொலிஸ் மறித்தால், அந்தக் காருக்குக் காப்புறுதி இருந்தும் அந்தப் பயணத்துக்கு இல்லை.

நைட்ஸ்பிரிட்ஜைப் பற்றி எழுதிவிட்டு நம்முடைய வீட்டைப் பற்றி எழுதாமல் போனால் சரியில்லை. லண்டன் தமிழருடைய கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் சொகுசுக் கார் வாடகைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. மண்டப வாசலில் ரோல்ஸ் ரொய்ஸ் வந்து நிற்காவிட்டால் வீடியோக்காரருக்கே முகம் சுருங்கிவிடும். ரோல்ஸ் ரொய்ஸ் சாரதியோடு வரும்; அதில் சிக்கல் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் சேர்ந்து, தாங்களே ஓடுவதற்கென்று எடுக்கும் லம்போர்கினியில்தான் சிக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் எனக்கு வந்த அழைப்பு இது:

“அண்ணை, ஒரு பிரச்சினை. கலியாணத்துக்கு எடுத்த காரைப் பொலிஸ் ஏத்திக்கொண்டு போட்டுது.”

“ஆர் ஓடினது?”

“நான்தான். மாப்பிள்ளை இறங்கின பிறகு சும்மா ஒரு ரவுண்ட் எண்டு நோர்த் சேர்குலர் ரோட் வரைக்கும்...”

“ஹயர் பேப்பரில உம்மட பேர் இருக்கோ?”

“இல்லை. ஆனா என்ர காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குதானே அண்ணை. அதில வேற காரும் ஓடலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

நான் அப்படிச் சொல்லவில்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த நம்பிக்கை நம்மவர் மத்தியில் வேரோடிப் போயிருக்கிறது. முழுக் காப்புறுதிப் பொலிசிகள் சிலவற்றில், வேறொருவருடைய காரை அவருடைய சம்மதத்தோடு ஓட ஒரு சின்ன உரிமை இருக்கும். மூன்றாம் தரப்புக்கு மட்டும்; அதாவது இடிபட்டவருக்குக் கிடைக்கும், ஓடிய காருக்குக் கிடைக்காது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பல கொம்பனிகள் அதைக் கொடுப்பதே இல்லை. வாடகைக் கார் வழக்கமாக அதற்குள் அடங்காது. தம்பிக்கு வயது 23, கார் வாடகைக் கார். பட்டு வேட்டியோடு வீதியோரம் நின்று போன் பண்ணிக்கொண்டிருந்தவனிடம் இதையெல்லாம் விளக்கிப் பிரயோசனம் இல்லை. “டாக்சி பிடிச்சு மண்டபத்துக்குப் போம், சாப்பாடு முடியப்போகுது” என்றேன். மறுநாள் வாடகைக் கொம்பனி தன் காரை மீட்டுக்கொண்டது. மீட்ட செலவும், கார் ஓடாமல் நின்ற நாட்களின் வாடகையும், காரை எடுத்த நண்பர் கட்டியிருந்த பல ஆயிரம் பவுண் வைப்பிலிருந்து போயின. கலியாணத்துக்குக் கொடுத்த மொய் அவ்வளவு வந்திருக்காது.

வீதியில் நடப்பது என்ன என்று சொல்கிறேன். பொலிஸ் காரின் மேலும் பாலங்களிலும் இருக்கும் கமெராக்கள் இலக்கத்தகடுகளை வாசித்துக்கொண்டே இருக்கும். பிரித்தானியாவில் எடுத்த எல்லா மோட்டார்க் காப்புறுதியும் ஒரு மத்திய தரவுத்தளத்தில் பதிவாக வேண்டும். கமெரா வாசித்த இலக்கம் அங்கே இல்லாவிட்டால் பொலிஸ் காரில் மணி அடிக்கும். வெளிநாட்டுத் தகடு பெரும்பாலும் அந்தத் தளத்தில் இராது என்பதால் அரபுத் தகடுக் கார்களைக் கையைக் காட்டி மறித்துத் தாளைக் கேட்க வேண்டும். மறித்தவுடனே பறிப்பதில்லை. சாரதி “இருக்கிறது” என்று சாதித்தால், பொலிஸாருக்கென்றே மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம் நடத்தும் தொலைபேசிச் சேவையைக் கூப்பிட்டு, அங்கிருப்பவர் மூலம் காப்புறுதிக் கொம்பனியிடமே விசாரிப்பார்கள். நேற்றுத்தான் எடுத்த பொலிசி தளத்தில் ஏறாமல் இருக்கக்கூடும், அதற்காக. அதிலும் இல்லையென்று வந்தால், கார் போகிறது என்று எச்சரித்துவிட்டு லொறியைக் கூப்பிடுவார்கள். பையையும் பிள்ளையின் இருக்கையையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

நிற்காமல் ஓடித் தப்பினால்? சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. சம்பவத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பொலிஸார் தேடி வந்து எடுக்கலாம். அதற்காக வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் ‘வீடு’ என்றால் கராஜும் முற்றமும் சேராது. அங்கே வேண்டிய அளவு பலத்தைப் பயன்படுத்தியே நுழையலாம். சொகுசுக் காரைக் கராஜில் பூட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர்கள் இந்த வரியை வாசித்திருக்க மாட்டார்கள்.

இந்த அதிகாரம் பழையது அல்ல. மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிய சட்டம் 1930இலேயே வந்தது. காப்புறுதி இல்லாதவன் இடித்துவிட்டால் அடிபட்டவருக்குக் கொடுப்பதற்கென்று மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம் 1946இல் உருவானது. ஆனாலும் 2005 வரை, காப்புறுதி இல்லாமல் பிடிபட்டவனுக்குத் துண்டை எழுதிக் கொடுக்கலாமே தவிர, அந்த ஒரு காரணத்துக்காகக் காரை எடுக்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இருக்கவில்லை. நீதிமன்றம் போடும் அபராதம் பல வேளை ஒரு வருடப் பிரீமியத்தை விடக் குறைவு. கணக்குத் தெரிந்தவன் அபராதத்தையே தேர்ந்துகொண்டான். 2004இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கிரீனவே அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை இந்தக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. காரையே எடுக்க வேண்டும் என்றது. அடுத்த வருடமே 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 165ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் இதன் கீழ் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை யாரும் படம் எடுக்காத சின்னக் கார்கள்.

பிடிபட்ட காரைத் தேடி நம்மவர்கள் போவது பெரும்பாலும் சார்ல்டனுக்கு. மேற்கு லண்டன்காரர் என்றால் பெரிவேல். லண்டன் பொலிஸின் கார் முற்றங்கள் அங்கே இருக்கின்றன. வாடிக்கையாளர்களுக்குத் துணையாக நானும் போயிருக்கிறேன். கம்பி வேலிக்குள் வரிசையாகக் கார்கள். வெள்ளை வான்களுக்கும் சப்பளிந்த கொர்சாக்களுக்கும் நடுவே ஒரு பென்ட்லி நிற்கும், அதன் கண்ணாடியிலும் மற்றவற்றைப் போலவே ஒரு ஒட்டுத்தாள். வெளியே ஆட்கள் கையில் தாள்களோடு நிற்பார்கள். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், காரின் பதிவுப் புத்தகம், செல்லுபடியான காப்புறுதிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால் இன்னொரு நாள் கட்டணம் ஏறும்.

அந்தக் கட்டணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மூன்றரை தொன்னுக்குக் குறைந்த, அடிபடாமல் வீதியில் நிற்கும் வாகனத்தை ஏற்றி வந்ததற்கு 192 பவுண். வைத்திருப்பதற்கு 24 மணி நேரத்துக்கு 26 பவுண். 2023 வரை இது 150 ஆகவும் 20 ஆகவும் இருந்தது. வாகனம் பாரமானால் கட்டணம் கூடும், கவிழ்ந்து கிடந்தால் கூடும், அடிபட்டிருந்தால் கூடும். காரின் எடையைப் பார்க்கிற சட்டம் அதன் விலையைப் பார்ப்பதில்லை. மூன்றரை இலட்சம் பவுண் காருக்கும் 192தான், ஆயிரம் பவுண் காருக்கும் 192தான்.

இதற்கு மேல் குற்றத்துக்கான தண்டனை. வீதியிலேயே கொடுக்கும் துண்டு என்றால் 300 பவுணும் உரிமத்தில் ஆறு புள்ளிகளும். பிரித்தானிய முகவரி இல்லாதவரிடம் அந்தப் பணத்தை அங்கேயே வைப்பாக வாங்கிக்கொள்ளலாம். வளைகுடாவிலிருந்து கோடைக்கு வந்தவருக்கு இது ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசு. ஆறு புள்ளிகளும் அவரை அதிகம் உறுத்தாது. செப்டெம்பரில் அவர் தன் ஊருக்குப் போய்விடுவார்.

இப்போது மற்றப் பக்கம். எங்கள் கடைக்கு வரும் ஒரு பையன், சாப்பாட்டு விநியோகம் செய்கிறவன். ஊரிலிருந்து வந்து, ஓட்டப் பரீட்சை பாஸ் பண்ணி ஒரு வருடம் ஆகவில்லை. பழைய ஃபியெஸ்டாவுக்குக் காப்புறுதியும் வைத்திருந்தான், சொந்தப் பாவனைக்கு. விநியோக வேலைக்கு வேறு வகை வேண்டும் என்று சேர்த்துவிட்ட நண்பன் சொல்லவில்லை. பின் இருக்கையில் இருந்த சூடான பீட்சாப் பை அவனைக் காட்டிக்கொடுத்தது. காசுக்குப் பொருள் கொண்டு போகும்போது சொந்தப் பாவனைப் பொலிசி செல்லாது, ஆகவே காப்புறுதி இல்லை, கார் போனது. 300 பவுண், 192 பவுண், நாளுக்கு 26. அதோடு உரிமம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி வந்தால் உரிமமே இரத்து. மறுபடி பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்கிப் பரீட்சைகளை எழுத வேண்டும். உரிமம் இல்லாதவனுக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லாதவனுக்குக் கார் இல்லை. இதற்கென்றே ‘முற்றத்திலிருந்து மீட்கும் காப்புறுதி’ என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் குறுகிய காலப் பொலிசிகள் பெரும்பாலும் இதற்குச் செல்லாது, குறைந்தது ஒரு மாதத்துக்கு எடுக்க வேண்டும், விலை கூட. கூட்டிப் பார்த்தால் காரின் விலையைத் தாண்டியது. விட்டுவிட்டான்.

விட்டுவிட்ட கார்களுக்கு என்ன நடக்கும்? பதினான்கு நாள் கழிந்த பிறகு பொலிஸார் அதை அப்புறப்படுத்தலாம். நசுக்குவார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பத்திரிகைகளும் அந்தப் படத்தைத்தான் விரும்புகின்றன. விலைபோகும் காரை யாரும் நசுக்குவதில்லை, ஏலத்தில் போகும். விற்ற பணத்தில் கட்டணங்கள் கழித்து மிஞ்சுவதை, சொந்தக்காரர் ஒரு வருடத்துக்குள் வந்து நிரூபித்தால் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதி. ஆகவே லம்போர்கினியைக் கைவிட்டுவிட்டுப் போனவருக்கும் பணம் திரும்பி வர வழி இருக்கிறது. ஃபியெஸ்டாவில் மிஞ்ச எதுவும் இராது.

ஊரில் சைக்கிளுக்கு லைட் இல்லை என்று பொலிஸ் மறித்த காலத்திலிருந்தே நம்மவருக்கு வீதிச் சட்டம் என்றால் காசு பிடுங்கும் வேலை என்ற எண்ணம். கடையிலும் கேட்பார்கள்: “நான் ஒழுங்காத்தானே ஓடுறன், ஒருத்தரையும் இடிக்கேல்லை, பிறகென்ன?” மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஓடுகிறவருக்காக எடுப்பது அல்ல. அது அவர் இன்னும் காணாத யாரோ ஒருவருடையது. மேனர் பார்க்கில் பாதசாரிக் கடவையில் வைத்து இடிபட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்; எங்கள் கடைக்குப் பழக்கமான குடும்பம். இடித்தது விலையுயர்ந்த கறுப்பு ஜெர்மன் கார். ஓடிய பையனுக்குக் காப்புறுதி இல்லை. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, மாடிப்படி ஏற முடியாமல் முன்னறையில் கட்டில் போட வேண்டி வந்தது. மகள் வேலையை விட்டார். நட்டஈடு கிடைத்தது; நீண்ட காலம் எடுத்தது, ஆனால் கிடைத்தது. கொடுத்தது அந்தப் பையன் அல்ல, மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம். பணியகத்துக்குப் பணம் காப்புறுதிக் கொம்பனிகள் கொடுக்கின்றன, கொம்பனிகளுக்கு நாங்கள் பிரீமியத்தில் கொடுக்கிறோம். அந்த அம்மாவின் கணவருடைய பழைய டொயோட்டாவின் பிரீமியத்திலிருந்தும் அதற்கு ஒரு துளி போயிருக்கும்.

காப்புறுதி இல்லாதவராலோ இடித்துவிட்டு ஓடுகிறவராலோ இந்த நாட்டில் 20 நிமிடத்துக்கு ஒருவர் பாதிக்கப்படுகிறார் என்று அந்தப் பணியகம் சொல்கிறது. கொடுத்த நட்டஈட்டை ஓடியவரிடமிருந்து திருப்பிக் கேட்டு வழக்குப் போடும் உரிமையும் அதற்கு உண்டு. சம்பளமே இல்லாதவனிடம் வழக்குப் போட்டு என்ன வாங்குவது? வெளிநாட்டுக்குப் போய்விட்டவரை எங்கே தேடுவது?

இன்னொரு வகை ஆட்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்கள் நம்ம மொழியிலும் வந்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் “குறைந்த விலையில் இன்சூரன்ஸ், பிஎம்டபிள்யூவும் செய்து தரப்படும்” என்று விளம்பரம் போடுவார்கள். தவணையில் பிஎம்டபிள்யூ எடுத்துவிட்டு, மூவாயிரம் நாலாயிரம் என்று நான் சொல்லும் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பையன்கள்தான் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். காசை வாங்கிக்கொண்டு அச்சடித்த போலிச் சான்றிதழைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உண்மையான பொலிசியையே, வயதையும் முகவரியையும் தொழிலையும் மாற்றி எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் அதை அடுத்த கிழமையே இரத்துச் செய்து மீதிப் பணத்தையும் சுருட்டிவிடுவார்கள். இந்த மாதிரி மோசடிகளுக்கென்று லண்டன் நகரப் பொலிஸில் 2012 முதல் தனிப் பிரிவே இருக்கிறது. ஏமாந்தவருக்கு அதனால் ஆறுதல் இல்லை. “எனக்குத் தெரியாது” என்பது இந்தக் குற்றத்துக்குப் பதிலாகாது. முதலாளியின் வாகனத்தை வேலைக்காக ஓடிய தொழிலாளிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குக் கார் போகும், புள்ளி விழும், அடுத்த நாலு வருடத்துக்கு உரிமத்தில் ‘ஐ.என்.10’ என்ற குறி இருக்கும். அந்தக் குறியோடு வந்தால் நான் சொல்லும் விலை இன்னும் ஏறும்.

மகனுடைய காரைத் தகப்பனுடைய பெயரில் போட்டு, மகனை இரண்டாம் சாரதி என்று எழுதுவதும் மோசடிதான். “அப்பாதான் ஓடுறவர்” என்று என் முன்னாலேயே சொல்லுவார்கள். அப்பா தலையை ஆட்டுவார். வெளியே நிற்கும் ஏஎம்ஜி மெர்சிடிஸின் சீற்றை எட்டிப் பார்த்தால், அது படுத்திருக்கிற சாய்வுக்கு அப்பா ஏறினால் வீதியே தெரியாது.

என்னுடைய கருத்தைக் கேட்டால், காரைப் பறிக்கும் சட்டம் நல்ல சட்டம். இனியும் இருக்க வேண்டும். ஓட்டையாக இருப்பது அந்த 300 பவுண் துண்டு. காப்புறுதி இல்லாத குற்றம் நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு இங்கே உச்ச வரம்பு இல்லை. நீதவான் ஆளுடைய வார வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார், ஓட்டும் உரிமையையும் நிறுத்தி வைக்கலாம். அதாவது வருமானத்துக்கு ஏற்ற தண்டனை இந்த நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வீதியோரத் துண்டை வாங்கிக்கொண்டால் அதைத் தாண்டிப் போய்விடலாம், அவ்வளவுதான். பின்லாந்தில் வேகமாக ஓடிப் பிடிபட்ட கோடீஸ்வரர்களுக்கு வருமானத்தைப் பார்த்து ஒரு இலட்சம் யூரோவுக்கு மேலும் அபராதம் விழுந்திருக்கிறது. இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட கார்களுக்குத் துண்டு கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரே நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போதும். முற்றத்துக் கட்டணத்தில் எடைக்கு ஒரு நிரல் இருப்பதுபோல விலைக்கும் ஒரு நிரல் சேர்க்கலாம். பீட்சாப் பையனுக்கு முதல் முறை என்றால், சரியான பொலிசியை எடுத்துக்கொண்டு வந்து காரை மீட்க அவகாசம் கொடுக்கலாம். நான் சொல்வதைக் கேட்டு ‘பொலிசி விற்கிறவன் வேறென்ன சொல்லுவான்’ என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

இதை வாசிக்கிறவர்களில் அடுத்த கோடையில் லண்டனுக்குக் கலியாணத்துக்கு வரப்போகிறவர்கள் இருப்பீர்கள். மைத்துனரோ சிநேகிதரோ ஆசையாகக் கார்த் திறப்பை நீட்டுவார்: “ஒருக்கா ஓடிப் பாருங்கோ.” ஊர் உரிமத்தோடு இங்கே குறிப்பிட்ட காலம் ஓடலாம் என்பது உண்மைதான். ஆனால் திறப்பை வாங்குவதற்கு முன் பொலிசியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். “ஓம், இருக்கு” என்ற வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும், பஸ்ஸில் போங்கள்.